ஆலைக்குப் போகாத கரும்பு

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு ஜி.எஸ்.டி. சாலையில் இரண்டு பயணங்கள் எதிரெதிரே நடக்கும். மறைமலைநகர் ஆலைகளில் வேலை பார்க்கும் தென்மாவட்டத்துக்காரர்கள் ஊருக்குக் கிளம்ப, பரனூர் சுங்கச்சாவடியில் வண்டிகள் நத்தையாக ஊரும். எதிர்த்திசையில், கடலூர்ப் பக்கமிருந்து செங்கரும்பு ஏற்றிய லாரிகள் திண்டிவனம், மதுராந்தகம் தாண்டி வடக்கே வரும். அவை கடந்து வரும் படாளத்தில் மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. பொங்கல் கரும்பு லாரி எதுவும் அங்கே திரும்புவதில்லை. அது ஏன் என்பதில்தான் இந்தக் கரும்பின் கதை இருக்கிறது.

தடித்த, நார் குறைந்த, கடித்தால் சாறு வழியும் கரும்பினம் முதன்முதலில் பயிராக்கப்பட்டது நியூகினித் தீவில். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து கடலோடிகளின் கையோடு தீவு தீவாக நகர்ந்து ஆசியக் கரை ஏறியது. தமிழ் நிலத்தில் அது வந்தேறி என்ற நினைவைச் சங்க இலக்கியமே காத்து வைத்திருக்கிறது. கரும்பை இங்கே கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று ஔவையார் புறநானூற்றில் பாடுகிறார். அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி.

கரும்பின் வாழ்வில் பெரிய திருப்பம் நேர்ந்தது கோயம்புத்தூரில். 1912இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. அதன் விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் தடித்த கரும்பைப் பேய்க்கரும்பு எனும் காட்டு நாணலோடு கலந்தார்கள். 1918இல் வெளிவந்த கோ 205 அந்தக் கலப்பின் பிள்ளை. அடுத்தடுத்து வந்த கலப்பினங்கள் நோயையும் வறட்சியையும் தாங்கின, ஏக்கருக்கு அதிகச் சர்க்கரையும் கொடுத்தன. ஆலைகளுக்கு வேண்டியதும் அதுதான். மெல்லுவதற்குச் சுகமான பழைய கரும்பு, வயலில் நோஞ்சானாகவும் கணக்கில் நஷ்டமாகவும் ஆகி ஒதுங்கியது. அதை நிலத்தில் பிடித்து வைத்திருப்பது முதன்மையாக ஒரே ஒரு சந்தைதான்: தை மாதத்தின் முதல் சில நாட்கள்.

அந்தச் சில நாளுக்காக எட்டு, ஒன்பது மாதப் பாடு. சித்திரை, வைகாசியில் கரணை நட வேண்டும். வளர வளர மண் அணைக்க வேண்டும். சோகையைப் பலமுறை உரித்தால்தான் தண்டுக்கு அந்தக் கருஞ்சிவப்பு மினுமினுப்பு ஏறும். ஆலைக் கரும்பு சாய்ந்தாலும் எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள். பொங்கல் கரும்பு வளைந்தால் வாங்க ஆளில்லை. அதனால் கழி ஊன்றிக் கயிறு கட்டி, நிமிர்ந்து நிற்க வைக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழையும் புயலும் வருவது இது ஆளுயரம் தாண்டி நிற்கும் காலத்தில்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரில் கரையேறியபோது, பொங்கலுக்கு இரண்டு வாரம்தான் பாக்கி.

தப்பிப் பிழைத்தது வேரும் தோகையுமாகக் கட்டாகிறது. மறைமலைநகர் போன்ற ஊரில் அது இரண்டு வழியாக வீடு சேர்கிறது. ஒன்று, சாலையோரக் கடை. அங்கே வாங்கும் கட்டில் ஒரு பங்கு, புதுப்பானை, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லத்தோடு பெண்ணைக் கொடுத்த வீட்டுக்குச் சீராகப் போகும். தலைப்பொங்கல் என்றால் சொல்லவே வேண்டாம். இன்னொன்று, ரேஷன் கடை வரிசை.

பொங்கல் காலையில் வாசலிலோ மொட்டை மாடியிலோ கோலமிட்டு, கரும்புகளை நிறுத்தித் தோகைகளைச் சேர்த்து முடிகிறார்கள். அதன் கீழே, மஞ்சள் கொத்து கட்டிய பானை கிழக்கு பார்த்துப் பொங்குகிறது. வீட்டுக்குள் கேஸ் அடுப்பில் குக்கர் வைக்கிறவர்களும் சூரியனுக்குப் படைக்கும்போது பக்கத்தில் ஒரு கரும்பையாவது சாத்தி வைக்கிறார்கள். மறுநாள், கனுப்பிடி வைக்கும் வீடுகளில் கூடப்பிறந்தவன் நன்றாக இருக்க வேண்டி, மஞ்சள் இலையில் வண்ணச் சோற்றோடு கரும்புத் துண்டும் வைப்பார்கள். மாடு இருக்கும் வீட்டில் தோகை அதற்கு. காணும் பொங்கலன்று குடும்பம் குடும்பமாக மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகிறவர்களின் பையில், துண்டு போட்ட மிச்சக் கரும்பு இருக்கும். மறுநாள் சக்கையை அள்ளுவது தூய்மைப் பணியாளர்களின் பாடு.

இந்த நூற்றாண்டில் கரும்புக்கு ஒரு புது ஆதரவாளர் கிடைத்திருக்கிறார்: அரசு. அரிசி அட்டைதாரர்களுக்கு ரேஷன் கடையில் தரும் பொங்கல் பரிசுத் தொகுப்பில் கரும்பும் இடம்பிடித்தது. 2023 பொங்கலுக்கான முதல் அறிவிப்பில் பச்சரிசி, சர்க்கரை, 1,000 ரூபாய் மட்டும் இருந்தன, கரும்பு இல்லை. அரசை நம்பிப் பயிரிட்டவர்கள் கொதித்தார்கள், போராடினார்கள். டிசம்பர் கடைசியில் முழுக்கரும்பு சேர்க்கப்பட்டது. பயனாளிகள் சுமார் 2.19 கோடி அட்டைதாரர்கள். ஆறு அடிக்குக் குறையக் கூடாது, வெட்டுக்கூலி, கட்டுக்கூலி, வண்டி வாடகை எல்லாம் உட்பட ஒரு கரும்புக்கு அதிகபட்சம் 33 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள்.

அந்த டிசம்பர் ஒரு விஷயத்தை வெளிச்சமாக்கியது. ஆலை கைவிட்ட பயிரைப் பண்டிகை காப்பாற்றியது. ஆனால் பண்டிகைச் சந்தையின் கணிசமான பங்கு இப்போது அரசு என்ற ஒரே கொள்முதல்காரர் கையில். வெட்டிய கரும்பைச் சேர்த்து வைத்து விற்க முடியாது, நாளாக ஆகச் சாறு வற்றும். பொங்கல் கழிந்தால் கட்டின் விலை மண்ணுக்குப் போகும். ஆலைக்கு அனுப்பலாம் என்றால் அது ஆலைக் கரும்பும் இல்லை. இப்படிப்பட்ட பயிருக்கு விவசாயி கரணை நடுவது சித்திரையில். அரசு முடிவைச் சொல்வது மார்கழியில். பரிசுத் தொகுப்பில் கரும்பு உண்டா, என்ன விலைக்கு என்பதை நடவுக்கு முன்பே அறிவித்தால் போதும், யாருக்கும் கூடுதல் செலவில்லை. மாதக்கணக்கில் கடன் வாங்கிக் காத்திருக்கிறவர்களுக்குக் கரும்பு அப்போதுதான் இனிக்கும்.