எட்டாவது டாக்டரின் ஒலி நாடகங்கள்

பிபிசியின் 'டாக்டர் ஹூ' அறிபுனை உலகில் சாகும் தறுவாயில் புது உருவம் எடுக்கும் டாக்டரின் எட்டாவது உருவமாக (எட்டாவது டாக்டராக) வரும் நடிகர் பால் மெக்கானை நாயகனாக வைத்து, இங்கிலாந்தின் பிக் ஃபினிஷ் நிறுவனம் 2001 ஜனவரி முதல் குறுந்தகடுகளில் வெளியிட்ட முழுநீள ஒலி நாடகங்களின் தொடர் இது. இவற்றில் 2001 முதல் 2004 வரை வந்தவை ஒரே கதைச் சரடில் கோக்கப்பட்டவை. சாக வேண்டிய ஒரு பெண்ணைக் காலப்பயணி ஒருவர் காப்பாற்றிவிடுகிறார். அதன் விளைவு அவர்கள் இருவரையும் காலமே இல்லாத வேறொரு பிரபஞ்சம்வரை துரத்துகிறது. காலப்பயணத்தை வெறும் வாகனமாக எடுத்துக்கொள்ளாமல் அதற்கான விலையைக் கடைசிவரை கணக்குப் பார்த்த ஒலி நாடகங்களில் இதற்குத் தனி இடம் உண்டு.

1963இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடர் 1989இல் நின்றுபோனது. 1996இல் மெக்கான் நடித்த தொலைக்காட்சிப் படம் ஒன்று வந்தது. அதைத் தொடர்ந்து வந்திருக்க வேண்டிய தொடர் வரவில்லை. ஒரே படத்தோடு முடிந்துபோன அந்த டாக்டருக்கு உயிர் கொடுத்தவர்கள் ரசிகர்களாக இருந்து தொழிலுக்கு வந்தவர்கள். நிக்கலஸ் பிரிக்ஸ், கேரி ரஸ்ஸல் முதலியோர் 1980களிலேயே சொந்த முயற்சியில் டாக்டர் கதைகளை ஒலிநாடாவில் பதிவு செய்து பரப்பியவர்கள். பிக் ஃபினிஷ் முறைப்படி பிபிசியின் உரிமம் பெற்று, 1999 ஜூலையில் 'தி சைரன்ஸ் ஆஃப் டைம்' நாடகத்தை வெளியிட்டது. பழைய டாக்டர்கள் மூவர் அதில் நடித்தனர். மெக்கான் வந்து சேர்ந்தபோது, முகப்பு இசையை ஜேம்ஸ் பாண்ட் படங்களின் இசையமைப்பாளர் டேவிட் ஆர்னால்டு புதிதாக அமைத்துக் கொடுத்தார்.

முதல் நாடகமான 'ஸ்டார்ம் வார்னிங்' உண்மையில் நடந்த விபத்தைக் களமாகக் கொண்டது. 1930 அக்டோபர் 4 மாலை, பிரிட்டனின் ஆர்101 வான்கப்பல் கார்டிங்டனிலிருந்து அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் கராச்சியை நோக்கிக் கிளம்பியது. மறுநாள் விடியுமுன் பிரான்ஸின் போவே நகருக்கு அருகே விழுந்து எரிந்தது. அதில் இருந்த 54 பேரில் 48 பேர் மாண்டனர். நாடகத்தில், ஆண் வேடமிட்டுப் பணியாளாக அதில் ஏறிக்கொள்கிறாள் சாகசப் பித்து பிடித்த இளம்பெண் சார்லி பொலார்டு. வரலாற்றின்படி அவளும் செத்திருக்க வேண்டியவள். டாக்டர் அவளைத் தூக்கிக்கொண்டு தப்பிவிடுகிறார். இந்தியா ஃபிஷர் பேசும் சார்லியின் குரலில் துறுதுறுப்பு கொப்பளிக்கிறது. அதனாலேயே, இவள் இறந்துபோனவள் என்று பின்னால் நினைவுபடுத்தப்படும் இடங்கள் கேட்பவரை உலுக்குகின்றன.

அந்த நினைவூட்டல் முழு வலிமையோடு வருவது ராபர்ட் ஷியர்மன் எழுதிய 'தி சைம்ஸ் ஆஃப் மிட்நைட்' (2002) நாடகத்தில். 1906ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு. ஒரு செல்வர் வீட்டின் கீழ்த்தளம். சமையல்காரி, பட்லர், வண்டியோட்டி, பணிப்பெண்கள். மணி அடிக்க அடிக்க ஒவ்வொருவராகச் சாகிறார்கள். பிறகு நேரம் பின்னால் திரும்பி, செத்தவர்கள் எழுந்து, விட்ட இடத்திலிருந்தே பிளம் புட்டிங்கைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். அடுக்களை எடுபிடியான ஈடித்தை யாரும் மனுஷியாகவே மதிப்பதில்லை. பின்னாளில் அவள் பொலார்டு குடும்பத்தில் சமையல்காரியாக இருந்தவள், தன்னிடம் அன்பு காட்டிய ஒரே ஆளான சார்லி வான்கப்பலில் இறந்த செய்தி கேட்டு உயிரை மாய்த்துக்கொண்டவள் என்பது மெல்ல மெல்லத் தெரியவருகிறது. ஆனால் சார்லி சாகவில்லையே? அப்படியானால் ஈடித் எதற்காகச் செத்தாள்? இந்த முடிச்சில் சிக்கி உயிர் பெற்ற வீடுதான் அந்த இரவைத் திரும்பத் திரும்ப நடத்திக்கொண்டிருக்கிறது. கால முரண் என்ற வறட்டுத் தருக்கப் புதிரை ஒரு வேலைக்காரப் பெண்ணின் துக்கமாக மாற்றிக் காட்டியது ஷியர்மனின் சாதனை. பிக் ஃபினிஷ் வெளியிட்ட நூற்றுக்கணக்கான நாடகங்களில் ரசிகர்கள் முதல் வரிசையில் வைத்துப் போற்றுபவற்றில் ஒன்று இது. அந்தப் போற்றுதல் தகும்.

2002 ஜூனில் வந்த 'நெவர்லேண்ட்' சரடை இறுக்குகிறது. சார்லி உயிரோடு இருப்பதால் காலத்தில் ஓட்டை விழுந்து, அதன் வழியே நடந்ததை நடக்காததாக்கும் ஒரு நச்சு விசை கசிகிறது. நாடகத்தில் அதற்கு ஆன்டி-டைம் என்று பெயர். பிரபஞ்சத்தைக் காக்க டாக்டர் அதைத் தன் கலமான டார்டிஸுக்குள் வாங்கி, தானே அந்த நஞ்சுக்கு இரையாகிறார். அந்த இடத்தில் நிறுத்தப்பட்ட கதை 'சாக்ரியஸ்' நாடகத்தில் தொடர 2003 நவம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டாக்டர் ஹூவின் 40ஆம் ஆண்டு விழாவையொட்டி மூன்று தகடுகளில் வந்த பெரிய படைப்பு அது. பழைய டாக்டர்களின் நடிகர்கள் புதுப் பாத்திரங்களில் வருகிறார்கள். நீளம் அதற்குச் சுமைதான். பாதியில் நூல் தவறிப்போகிறது.

நஞ்சு முழுதும் நீங்காததால் டாக்டர் தன் பிரபஞ்சத்தைவிட்டே வெளியேறுகிறார். அவர் போகும் இடம் டைவர்ஜென்ட் பிரபஞ்சம். டாக்டரின் இனமான காலப் பிரபுக்களை மிஞ்சி வளர்ந்திருக்கக்கூடிய ஓர் இனத்தை, அந்தப் பிரபுக்களின் முன்னோன் ராசிலான் அடைத்துவைத்த சிறை அது. அங்கே காலம் என்ற கருத்தே கிடையாது. சார்லியும் கலத்தில் ஒளிந்துகொண்டு உடன் வந்துவிடுகிறாள்.

அந்த உலகில் நடக்கும் முதல் கதை, மறுபடியும் ஷியர்மன் எழுதிய 'ஸ்கெர்ட்ஸோ' (2003 டிசம்பர்). நடிப்பவர்கள் இரண்டே பேர், மெக்கானும் ஃபிஷரும். கண்ணைக் குருடாக்கும் வெண்மை; மணமில்லை, தொட்டால் உணர்வில்லை. மிஞ்சுவது காது மட்டும். பாத்திரங்களின் நிலையும் கேட்பவரின் நிலையும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. அந்த வெளியில் வாழும் உயிரும் ஒலியால் ஆனதே. இருவரின் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகி, அவர்களின் குரலிலேயே பேச ஆரம்பிக்கிறது. தியாகம் செய்ததாக நினைத்திருந்த டாக்டருக்குச் சார்லி பின்தொடர்ந்து வந்தது பிடிக்கவில்லை. அந்தக் கோபமும் அவளுடைய அன்பும் மோதும் உரையாடலே நாடகம். திரைக்கு மாற்றினால் செத்துவிடும் கதை இது.

ஒலி நாடகத்தில் பேசாத பாத்திரம் இல்லாத பாத்திரம். அதே சமயம், பார்ப்பதை எல்லாம் ஒருவர் வாய்விட்டு விவரித்தால் காட்சி செயற்கையாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கும் எழுத்துதான் இத்தொடரின் தொழில்திறம். நடிகர்கள் தனித்தனிக் கண்ணாடி அறைகளில் நின்று, வழக்கமாக இரண்டு நாளில் ஒரு நாடகத்தைப் பேசி முடிப்பார்கள். காலடி, கதவு, காற்று, இசை எல்லாம் பிறகு சேர்க்கப்படும். டார்டிஸ் கிளம்பும் ஓசை மட்டும் பழையது: 1963இல் பிபிசி ஒலிக்கலைஞர் பிரையன் ஹாட்ஜ்சன் வீட்டுச் சாவியால் பழைய பியானோவின் கம்பியைச் சுரண்டி உருவாக்கியது.

டைவர்ஜென்ட் கதைகளில் நிறம் மாறும் தோலுடைய கிரிஸ் (நடிப்பு: கான்ராட் வெஸ்ட்மாஸ்) மூன்றாவது பயணியாகச் சேர்கிறான். 'தி நேச்சுரல் ஹிஸ்டரி ஆஃப் ஃபியர்' (2004) கேள்வி கேட்பதே குற்றமான நகரம் ஒன்றைக் காட்டி, பழகிய குரல்களையே வேறு ஆட்களாக்கிக் கேட்பவரை ஏமாற்றுகிறது. மற்றவை சமச்சீரானவை அல்ல. காலம் இல்லாத உலகம் என்ற அரிய கருவைப் பல கதைகள் தொடாமலே கடந்துபோகின்றன. 2003 செப்டம்பரில் தொலைக்காட்சித் தொடர் திரும்ப வருவதாக அறிவிப்பு வந்ததும், புதிதாக வருபவர்கள் குழம்பக்கூடாதென்று இந்தச் சரடு சுருக்கப்பட்டது. 2004 டிசம்பரில் 'தி நெக்ஸ்ட் லைஃப்' நாடகத்தோடு மூவரும் சொந்தப் பிரபஞ்சம் திரும்பினர்.

2005இல் பிபிசி 7 வானொலி இந்த நாடகங்கள் சிலவற்றை ஒலிபரப்பியது. அதே ஆண்டில் ஷியர்மன், தாம் ஆறாவது டாக்டருக்காக எழுதியிருந்த 'ஜூபிலி' ஒலி நாடகத்தின் கருவிலிருந்து தொலைக்காட்சிக்கு 'டாலெக்' கதையை எழுதினார். மெக்கான் மீண்டும் திரையில் தோன்றிய 'தி நைட் ஆஃப் தி டாக்டர்' (2013) குறும்படத்தில், சாகும் தறுவாயில் டாக்டர் சார்லியையும் கிரிஸையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார்.

சார்லியின் கதை அதற்கு முன்பே வேறு வழியில் போயிருந்தது. 2007 டிசம்பரில் வந்த 'தி கேர்ள் ஹூ நெவர் வாஸ்' நாடகத்தில், டாக்டர் இறந்துவிட்டதாக நம்பித் தனித்து நிற்கும் அவளை மீட்க வருபவர், அவளை இன்னும் சந்தித்தே இராத, அவருடைய முந்தைய உருவமான ஆறாவது டாக்டர். நடக்கப்போவதை எல்லாம் அறிந்தவள் தான் யாரென்றே சொல்ல முடியாமல் அவரோடு பயணிக்கிறாள். அந்தப் பயணம் 2009இல் 'புளூ ஃபர்காட்டன் பிளானட்' நாடகத்தில் அவருடைய நினைவுகள் மாற்றப்படுவதோடு முடிகிறது.