நரையும் சாயமும்

நரை முதுமையின் அடையாளம். அதனை மறைக்க விரும்புதல் மனித இயல்பு. இவ்விருப்பம் நேற்று இன்று தோன்றியதன்று. அன்பர்களே, நரைக்கு இடும் சாயத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, அது நம் வீட்டிற்குக் கற்பிக்கும் பாடம் யாது என்பதையும் இன்று எடுத்துரைக்க எண்ணுகின்றேன்.

பண்டை எகிப்தியர் மருதாணியால் கேசத்தைச் சிவப்பித்தனர். அவ்விலையிலுள்ள செந்நிறப் பொருள் மயிரின் புரதத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். கிரேக்கரும் உரோமரும் வேறொரு வழி கண்டனர். ஈய ஆக்ஸைடையும் நீற்றிய சுண்ணாம்பையும் நீரில் குழைத்துத் தலையில் பூசினர். மயிரின் புரதத்தில் கந்தகம் உண்டு. ஈயம் அதனோடு கூடிக் கரிய ஈய சல்பைடாக மாறி, இழையினுள்ளேயே நுண்மணிகளாகப் படியும் என்பதைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 2006-இல் நிறுவினர். உரோமப் பேரறிஞர் பிளினி, அட்டைகளைக் காடியில் இட்டு ஈயப் பாத்திரத்தில் அழுகவைத்துச் செய்யும் சாயமொன்றைக் குறித்துள்ளார். அதனைப் பூசுவோர் வாயில் எண்ணெயை அடக்கிக்கொள்ளாவிடில் பற்களும் கறுத்துவிடும் என்று ஒருவர் கூறியதாகவும் எழுதியுள்ளார். ஈயமோ உடலுக்கு நஞ்சு. கருங்கூந்தலின் பொருட்டு அந்நஞ்சை மக்கள் தலையில் ஏற்றனர்.

புதிய காலம் 1856-இல் தொடங்கிற்று. வில்லியம் பெர்க்கின் என்னும் 18 வயது இளைஞர் இலண்டனில் கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். கொயினா கிட்டவில்லை, ஊதாச் சாயம் கிட்டிற்று. நிலக்கரித் தாரிலிருந்து சாயங்களைப் பெறலாம் என்பதை உலகம் உணர்ந்தது. அவ்வழியில் வந்ததே பாரா-பினைலீன் டையமின் என்னும் பொருள். இதனை ஹைட்ரஜன் பெராக்ஸைடுடன் சேர்த்து மயிருக்குச் சாயமிடும் முறைக்கு 1883-இல் பாரிஸில் காப்புரிமை பெறப்பட்டது. 1909-இல் யூஜீன் ஷூலர் என்ற பிரெஞ்சு இரசாயன அறிஞர் முடிச்சாய நிறுவனம் ஒன்றை அமைத்தார். லோரியால் என்று பிற்காலத்தில் புகழ்பெற்றது அதுவே. அதன் முதற்பெயரில் 'தீங்கற்ற' என்னும் சொல் இருந்தது. அக்கால மக்களின் அச்சத்தை அச்சொல் ஒன்றே காட்டும்.

அவ்வச்சம் வீணன்று. 1930-களில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்னும் கண்ணிமைச் சாயத்தால் பெண்கள் பலர் துன்புற்றனர். பார்வை இழந்தவரும் உண்டு. ஓர் உயிரும் போயிற்று. அதில் இருந்ததும் அதே பாரா-பினைலீன் டையமின். 1938-இல் அந்நாடு புதிய சட்டம் இயற்றிற்று. தாரிலிருந்து வரும் முடிச்சாயங்களை அச்சட்டம் விலக்கவில்லை. ஆயினும் முன்சோதனை செய்க என்றும், இமைக்கும் புருவத்துக்கும் இடலாகாது என்றும் அவற்றின்மீது அச்சிடுமாறு பணித்தது. இன்று சாயப் பெட்டிகளில் பொடியெழுத்தில் காணும் எச்சரிக்கையின் பின்னே இத்துயரக் கதை உண்டு.

அவ்வெழுத்தைப் படியாது விட்டவருள் நானும் ஒருவன். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு சாயமிடத் தொடங்கினேன். மூன்று முறை இட்டும் ஒன்றும் நேரவில்லை. நான்காம் முறை இட்ட மறுநாள் நெற்றியும் இமைகளும் வீங்கிக் கண் திறக்க இயலாது போயிற்று. "முன்பு ஒத்துக்கொண்டது என்பதால் என்றும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணலாகாது, இனி இதனைத் தொடாதீர்கள்" என்றார் மருத்துவர். வினாத்தாளை முழுதும் படித்த பின்பே விடை எழுதுக என்று முப்பதாண்டுகள் மாணாக்கருக்குச் சொன்னவன் நான்! அன்று முதல் என் தலை வெண்மையாகவே உள்ளது. 'கறுப்பு மருதாணி' என விற்கப்படும் தூள்கள் பலவற்றிலும் இப்பொருளே கலந்துள்ளது என்பதையும் பின்னரே அறிந்தேன்.

என் இல்லாள் இன்றும் சாயமிடுகின்றார். ஒவ்வொரு முறையும் 48 மணி நேரம் முன்னதாக முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்க்கின்றார். அரிப்போ சிவப்போ தோன்றினால் சாயம் தலைக்குச் செல்லாது.

சாயமிட்ட கேசத்தைப் பேணுதலும் அதன் இயல்பை அறிந்தால் எளிதே. மயிரிழையை மீன்செதில் போன்ற அடுக்குகள் மூடியுள்ளன. அம்மோனியா முதலிய காரப்பொருள் அச்செதில்களை விரிக்க, சாயத்தின் சிறு மூலக்கூறுகள் உட்புகும். பெராக்ஸைடின் வினையால் அவை ஒன்றோடொன்று இணைந்து பெரியனவாகி, வெளிவர இயலாது உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஆயினும் விரிந்த செதில்கள் முன்போல் இறுக மூடுவதில்லை. ஆதலின் தலை முழுகுந்தோறும் சாயம் சிறிது கசியும், இழையும் வறளும்.

எனவே, சாயமிட்ட பின் ஓரிரு நாள் தலை முழுகாதிருத்தல் நன்று. வெந்நீரை விலக்குக. கட்டிச் சோப்பு காரத்தன்மை உடையது. செதில்களை மீண்டும் விரிக்கும். அதற்கு மாறாக மென்மையான ஷாம்பு கொள்க. முழுகுவதற்கு முன் தேங்காயெண்ணெய் தடவுதல் மயிரின் புரத இழப்பைக் குறைக்கும் என்பதை நம் நாட்டு ஆராய்ச்சியாளர் 2003-இல் வெளியிட்டனர். நம் பாட்டியர் வழக்கத்திற்கு இது நற்சான்று. கடும் வெயிலில் தலையை மூடிக்கொள்க. மயிர் திங்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆதலின் மறுமுறை வெளுத்த வேர்ப்பகுதிக்கு மட்டும் இடுக. முன்பே சாயமேறிய இழையை மீண்டும் மீண்டும் வருத்துதல் வேண்டா.

வாயில் எண்ணெயை அடக்குமாறு பண்டைக்காலத்தில் சொல்லப்பட்டதும் ஓர் எச்சரிக்கையே. பெட்டியிலுள்ள பொடியெழுத்தும் ஓர் எச்சரிக்கையே. பின்னதைப் பிறர் தம் கண்களை இழந்து நமக்கு ஈட்டித் தந்தனர். மூக்குக்கண்ணாடியை அணிந்து அதனைப் படித்த பின்னரே பெட்டியைத் திறத்தல் நம் கடமை.