அறியாத இரு முகங்கள்

இரு படங்களை அருகருகே வைத்துப் பொருள்கொள்ளச் செய்யும் வழக்கம் புகைப்படக் கலையினும் மிகப் பழையது. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலிய ஓவியர் பியரோ டெல்லா பிரான்செஸ்கா, உர்பீனோ நகரத்துப் பிரபுவையும் அவர் மனைவியையும் ஒருவரையொருவர் நோக்கும் நிலையில் இரு பலகைகளிலே தீட்டினார். அவ்விருவரையும் இணைத்தது அவர்தம் இல்வாழ்க்கை. ஆனால், வீதியிற் செல்லும் அந்நியர் இருவரை இணைப்பது யாது?

வீதி மாந்தரை அவர் அறியாமலே படமெடுத்த முன்னோடிகளுள் அமெரிக்கரான போல் ஸ்ட்ராண்ட் ஒருவர். 1916ஆம் ஆண்டில் அவர் தமது கமெராவின் பக்கத்திலே பொய்வில்லை ஒன்றைப் பொருத்தி, வேறு திசையைப் பார்ப்பவர்போல் நின்று, நியூயோர்க் மக்களின் முகங்களைப் பதிவுசெய்தார். கண்பார்வையற்றவர் என்றறிவிக்கும் அட்டையைக் கழுத்திலே தொங்கவிட்டிருந்த பெண்ணின் படம் அவற்றுள் ஒன்று.

இவ்வாறு எடுத்த முகங்களை இணைசேர்க்கும் கலை, படச் சஞ்சிகைகள் பெருகிய 1930களில் வளர்ந்தது. ஹங்கேரியரான ஸ்டீபன் லோரன்ட், 1933இல் மியூனிச் நகரில் நாஜிகளாற் சிறையிடப்பட்டு விடுதலையானவர். 1937இல் லண்டனிலே 'லிலிபுட்' என்னும் சஞ்சிகையை நிறுவினார். எதிரெதிர்ப் பக்கங்களில் இரு படங்களை வைப்பது அதன் சிறப்பு. பிரதம மந்திரி சேம்பர்லினுக்கு எதிரே லாமா என்னும் விலங்கின் முகத்தை அவர் வைத்தார். தனித்தனியே நோக்கின் நகைப்பதற்கு எதுவுமில்லை; நகைப்பு அவை இணையுமிடத்தே பிறந்தது. 1936இல் பில் பிராண்ட் வெளியிட்ட நூலோ ஆங்கிலேயரின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே நிறுத்தியது. ஆயினும், அந்நூலின் சில படங்களில் நின்றோர் அவருடைய உறவினரும் நண்பருமே.

இணைப்படம் தரும் பொருள் படத்திலுள்ளோர் கூறிய பொருளன்று. இணைத்தவர் கூறிய பொருளே என்பது இதனாற் புலனாகும். பிரதம மந்திரிக்குத் தம்மைப் பற்றிய கேலிக்கு மறுமொழி கூற மேடை உண்டு. செல்வரின் முகத்துக்கருகே வறியவராக நிறுத்தப்பட்ட வழிப்போக்கருக்கு அத்தகைய மேடை இல்லை. தம் படம் எங்கே, எவருடைய படத்துடன் அச்சேறியது என்பதையும் அவர் அறியார்.

இந்த நெருடலை உணர்ந்தவர் வோக்கர் எவன்ஸ். 1938 முதல் 1941 வரை, மேலங்கிக்குள் கமெராவை மறைத்து, நியூயோர்க் நிலக்கீழ் ரயிற் பயணிகளை அவர் படமெடுத்தார். அவற்றுள் 89 படங்கள் 1966ஆம் ஆண்டிலேதான் நூலாயின. அந்நியர் வாழ்வில் அனுமதியின்றி நுழைந்த குற்றத்தைக் காலத் தாமதம் ஓரளவேனும் தணிக்கும் என்று அவர் கருதினார்.

இரு முகங்களை இணைப்பவர் முன்னுள்ள கேள்வி இதுவே: இவ்விருவரும் இப்பக்கத்தைக் காண நேரின், அங்கே தம்மைத் தாமே இனங்காண்பரா? அன்றி, இன்னொருவருடைய வாதத்துக்குத் தாம் சாட்சியாக்கப்பட்டதையே காண்பரா?