மார்பரி எதிர் மாடிசன் வழக்கு

மார்பரி எதிர் மாடிசன் என்பது ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1803 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பளித்த வழக்காகும். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் ஒரு பிரிவை, அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறி அந்நீதிமன்றம் செல்லாததாக்கிய முதல் வழக்காக இது கருதப்படுகிறது. இத்தகைய அதிகாரம் நீதிமன்றங்களுக்கு உண்டு என அமெரிக்க அரசியலமைப்பில் வெளிப்படையாக எழுதப்படவில்லை.

பின்னணி

1800 ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்ற குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ், பதவிக்காலம் முடியும் முன் தம் கட்சியினர் பலரை நீதித்துறைப் பதவிகளில் அமர்த்தினார். அவர்களுள் ஒருவர் கொலம்பியா மாவட்டத்தின் அமைதி நீதிபதியாக நியமிக்கப்பட்ட வில்லியம் மார்பரி. நியமன ஆணையில் கையெழுத்தும் முத்திரையும் இடப்பட்டும், அது அவர் கைக்குச் சேரவில்லை. 1801 மார்ச் 4 அன்று பதவியேற்ற தாமஸ் ஜெஃபர்சனின் அரசு அதனை வழங்க மறுத்தது. வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் மாடிசன் அதை வழங்குமாறு ஆணையிடக் கோரி, மார்பரி நேரடியாக உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1789 ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு அதற்கு இடமளித்திருந்தது.

தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், ஆடம்ஸின் வெளியுறவுச் செயலராக இருந்தவர். அந்த ஆணைக்கு முத்திரையிடும் பொறுப்பும் அவருடையதே. அவர் முன் ஓர் இக்கட்டு இருந்தது. ஆணையிட்டால் அரசு அதைப் பொருட்படுத்தாமல் விடக்கூடும்; மனுவைத் தள்ளினால் நீதிமன்றம் அரசுக்குப் பணிந்ததாகத் தோன்றும்.

தீர்ப்பு

மார்பரிக்குப் பதவியில் உரிமை உண்டு என்றும், உரிமை பறிக்கப்பட்டவருக்குச் சட்டம் தீர்வு தரவேண்டும் என்றும் மார்ஷல் கூறினார். ஆனால், உச்ச நீதிமன்றம் நேரடியாக விசாரிக்கத்தக்க வழக்குகளை அரசியலமைப்பே வரையறுத்துள்ளது. தூதர்கள் தொடர்பான வழக்குகளும் மாநிலங்கள் தரப்பாக உள்ள வழக்குகளும் அவற்றில் அடங்கும். இவ்வரம்பைச் சாதாரணச் சட்டத்தால் விரிவாக்க முடியாது. எனவே 13 ஆம் பிரிவின் அப்பகுதி செல்லாது எனத் தீர்ப்பளித்தார். சட்டம் எது என்று உரைப்பது நீதித்துறையின் கடமை. இரண்டு சட்டங்கள் மோதினால் அரசியலமைப்பே மேலானது என்பது அவர் முன்வைத்த வாதம்.

விளைவு

மார்பரிக்குப் பதவி கிடைக்கவில்லை. மாடிசனுக்கு எந்த ஆணையும் இடப்படாததால் அரசு மீறுவதற்கும் எதுவும் இருக்கவில்லை. மனுவை விசாரிக்கும் சிறிய அதிகாரத்தைத் துறந்து, சட்டங்களை ஆராயும் பெரிய அதிகாரத்தை நீதிமன்றம் நிலைநாட்டிக்கொண்டது.

காங்கிரஸின் சட்டத்தை உச்ச நீதிமன்றம் அடுத்து செல்லாததாக்கியது 54 ஆண்டுகளுக்குப் பின், 1857 ஆம் ஆண்டு டிரெட் ஸ்காட் வழக்கில். சில ஆட்சிப்பகுதிகளில் அடிமைமுறையைத் தடுத்த சட்டம் அதில் வீழ்த்தப்பட்டது. உள்நாட்டுப் போருக்குப் பின் கொண்டுவரப்பட்ட அரசியலமைப்புத் திருத்தங்களே அத்தீர்ப்பை மாற்றின.