வயல்ல கிடைக்கிற பழைய இரும்பு: குண்டா, ராக்கெட்டா?

1/ வேங்கிக்கால், திருவண்ணாமலை, செங்கம். நமக்கு இது கிரிவல ரூட். 1767 செப்டம்பர்ல இது போர்க்களம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக கர்னல் ஜோசப் ஸ்மித். எதிரே மைசூர் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும். செங்கத்துல ஒரு சண்டை, அதே மாசம் திருவண்ணாமலையில இன்னொண்ணு.

2/ இந்த மாதிரி மண்ணுல ஏர் ஓட்டும்போதோ, அஸ்திவாரம் தோண்டும்போதோ துருப்பிடிச்ச இரும்பு கிடைச்சா அது என்ன?

கெட்டியான உருண்டைன்னா பீரங்கிக் குண்டு.
உருண்டையில ஓட்டை இருந்தா, உள்ளே மருந்து நிரப்பித் திரி வைக்கிற வெடிகுண்டு.
ஒரு முனை அடைச்ச குழாய்னா, மைசூர் ராக்கெட்டா இருக்கலாம்.

3/ இரும்புக் குழாய்ல வெடிமருந்தை இறுக்கி அடைச்சு, மூங்கில் கழியோட கட்டி விடுவாங்க. இரும்பு அழுத்தத்தைத் தாங்கும், அதனால தூரமா போகும். 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூர்ல கம்பெனியோட வெடிமருந்து வண்டிகள் வெடிச்சு, பெய்லியோட படையே சிதறிடுச்சு. வண்டியில பட்டது ராக்கெட்தான்னு பலரும் எழுதியிருக்காங்க. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவர்ல அந்தக் காட்சி ஓவியமாவே இருக்கு.

4/ கர்நாடகா, சிவமொக்கா மாவட்டம், நகரா. 2002-ல அங்க கொஞ்சம் இரும்புக் குழாய் கிடைச்சது. அது ராக்கெட்னு தெரியவே சில வருஷம் ஆச்சு. 2018-ல ஒரு பாழுங்கிணத்தைத் தோண்டினாங்க. மண்ணுல வெடிமருந்து வாசனை! உள்ளே 1000-க்கும் மேல ராக்கெட். நீளம் 23-லிருந்து 26 செ.மீ.

5/ கவனிங்க, துப்பு கொடுத்தது சுத்தி இருந்த மண்ணு. டாக்டருக்கு நோயாளி சொல்ற கதை எவ்வளவு முக்கியமோ, பழம்பொருளுக்கு அது கிடந்த இடமும் ஆழமும் அவ்வளவு முக்கியம். எடுத்துக் கழுவி அலமாரியில வெச்சா பாதிக் கதை போச்சு.

6/ இன்னொண்ணு, உயிர் விஷயம். கருமருந்து எரிய வெளிக்காத்து வேணாம். அதுல இருக்கிற வெடியுப்பே ஆக்ஸிஜன் கொடுக்கும். ஈரம் படாம அடைபட்டிருந்தா, எத்தனை வருஷம் ஆனாலும் நம்ப முடியாது. நாங்க நெஞ்சைத் தட்டிப் பார்க்கிற மாதிரி இதைத் தட்டிப் பார்க்காதீங்க. அறுக்காதீங்க, தீயில காட்டாதீங்க, காயலான் கடைக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க.

7/ தள்ளி நின்னு ஒரு போட்டோ. பிள்ளைங்களை விலக்கி வைங்க. போலீசுக்கும் விஏஓ-வுக்கும் சொல்லுங்க. 1878 புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் மண்ணுல கிடைச்சா கலெக்டருக்குத் தெரிவிக்கணும். நம்ம கலெக்டர் ஆபீஸ் வேங்கிக்கால்லயே இருக்கு!

விவசாயம் பண்றவங்க, ஜேசிபி ஓட்டுறவங்க யாராவது தெரிஞ்சா இதை அனுப்பி வைங்க.