குடிநீர் முதல் சுக்குக் காப்பி வரை

சுக்குக் காப்பியில் காப்பி இல்லை. கேரளத்துச் சமையற்கட்டுகளில் ஒரு சிட்டிகை காப்பித்தூள் சேர்ப்பதுண்டு. நெல்லை, குமரி மாவட்டங்களிலும் சிலர் அவ்வாறு செய்வர். ஆயினும் தமிழகத்தின் பெரும்பகுதியில் அது சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் சேர்ந்த நீரே ஆகும். காப்பி இல்லாத ஒன்றுக்குக் காப்பி என்னும் பெயர் எவ்வாறு வந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் வட்டத்தின் மாதக் கூட்டங்களில் உரை முடிந்ததும் சுக்குக் காப்பி வழங்கும் வழக்கம் உள்ளதை அன்பர்கள் அறிவர். அத்தகைய கூட்டம் ஒன்றில், 'இது சங்க காலத் தமிழன் பருகிய பானம்' என்று ஒரு பேச்சாளர் பெருமிதத்துடன் குறிப்பிட்டார். அவையில் கைதட்டல் எழுந்தது. அப்பெருமிதத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் சுக்கு பழமையானது என்பதும் சுக்குக் காப்பி பழமையானது என்பதும் ஒன்றல்ல. பொருளின் பழமையைப் பழக்கத்தின் பழமையாகக் கொள்ளும் மயக்கம் நம் உணவு வரலாற்று நூல்களில் மிகுதியாகக் காணப்படுகிறது.

பொருள்களின் தொன்மையில் ஐயமில்லை. இஞ்சியும் மஞ்சளும் மிளகும் நிலத்தின் விளைபொருள்களாக மதுரைக்காஞ்சியில் ஒருங்கே பேசப்படுகின்றன. யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு கூறுகிறது. உரோம நாட்டுப் பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டில், ஓர் இராத்தல் திப்பிலி 15 தெனாரியசுக்கும் வெள்ளை மிளகு 7க்கும் கரிய மிளகு 4க்கும் விற்றதாக எழுதிவைத்தார். திப்பிலியே அன்று விலையுயர்ந்தது. பிப்பலி என்னும் அதன் பெயரிலிருந்தே கிரேக்க மொழியின் பெபெரி என்னும் சொல்லும், அதன்வழி ஐரோப்பிய மொழிகளில் மிளகைக் குறிக்கும் சொற்களும் பிறந்தன. திப்பிலியின் பெயரை மிளகு பறித்துக்கொண்டது எனலாம். இஞ்சியின் கதை நமக்கு இன்னும் உவப்பானது. 'இஞ்சி வேர்' என்பதே பாலியில் சிங்கிவேரமாகவும் கிரேக்கத்தில் சிஞ்சிபெரிசாகவும் திரிந்தது என்பது மொழியறிஞர் பலரும் ஏற்ற முடிபு.

இவற்றை இட்டு வெந்நீர் காய்ச்சி இன்பத்திற்காகப் பருகினர் என்பதற்குச் சங்க நூல்களில் சான்று உண்டா? குளிரை மிக விரிவாகப் பாடிய நெடுநல்வாடையே இதற்கு உரிய இடம். அங்கே கோவலர் கொள்ளிநெருப்பில் கை காய்ச்சிக் கன்னத்தில் ஒற்றுகின்றனர். வாடை வீசுவதால் கன்னலிலுள்ள தண்ணீரை எவரும் பருகுவதில்லை. தடவில் இட்ட நெருப்பையே நாடுகின்றனர். வலிய ஆடவரோ தேறல் மாந்தித் தெருவில் திரிகின்றனர். குளிர்காய நெருப்பும் தேறலும் இருந்தன. சூடான காரநீரைப் பற்றி நக்கீரர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மணிக்கற்கள் பதித்தாற்போல நுணுக்கங்களை அடுக்கும் புலவர் அவர். இன்மையைச் சான்றாகக் காட்டுவது ஆராய்ச்சியில் இடருடையது என்பதை அறிவேன். ஆனால் பிற பாடல்களிலும் பாராட்டப்படும் பருகுநீர் வகைகள் கள், நறவு, தேறல் ஆகியனவோ, புறநானூற்றின் 24ஆம் பாட்டில் வரும் இளநீர், கரும்பின் சாறு, நுங்கின் நீர் போன்ற குளிர்ந்தனவோதாம். இங்கே மௌனம் ஓரளவு பேசவே செய்கிறது.

சங்கத்தைத் தொடர்ந்த அறநூற் காலத்தில் இப்பொருள்கள் நூற்பெயர்களாகவே உயர்ந்தன. சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் நல்லாதனாரின் திரிகடுகத்திற்குப் பெயர் தந்தன. கணிமேதாவியாரின் ஏலாதி ஆறு பொருள்களின் கூட்டைச் சுட்டுவது. ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரண்டு, சிறுநாவற்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என்று அதன் அளவும் கூறப்படுகிறது. காரியாசானின் சிறுபஞ்சமூலம் ஐந்து வேர்களின் பெயரால் அமைந்தது. உலக இலக்கியத்தில் மருந்துச் சரக்குகளின் பெயரை அறநூல்கள் இவ்வாறு வரிசையாகத் தாங்கி நிற்பது அரிது என்றே எண்ணுகிறேன். உயிர்நோய்க்கு அறம், உடல்நோய்க்கு மருந்து என்பதே இப்பெயரீட்டின் உட்கிடை. திரிகடுகமும் ஏலாதியும் மருத்துவத்தில் முதன்மையாகச் சூரணங்கள். இடித்துச் சலித்துத் தேனிலோ நெய்யிலோ குழைத்து உண்பவை. கோப்பையில் ஊற்றிச் சுவைத்துப் பருகுபவை அல்ல. மேலும், உவமை பொருந்தவேண்டுமாயின் மருந்து சற்றுக் கடுமையாகத்தான் இருத்தல் வேண்டும். காரமும் கைப்பும் பொறுத்துக்கொண்டு நன்மை பெறுவதே அறநூல் கற்பவனின் நிலை. விருப்போடு இரண்டாம் முறை கேட்டுவாங்கிப் பருகும் ஒன்று அறநூலுக்குப் பெயராகியிராது!

காய்ச்சி வடித்துப் பருகும் மருந்துக்குச் சித்த மருத்துவம் வைத்த பெயர் குடிநீர். கியாழம், கசாயம் என்பனவும் அதனையே குறிக்கும். அகமருந்துகள் முப்பத்திரண்டனுள் குடிநீரும் ஒன்று. சரக்குகளை ஒன்றிரண்டாக இடித்து, நீர்விட்டு, நான்கில் ஒன்றாகவோ எட்டில் ஒன்றாகவோ வற்றும்வரை காய்ச்சி வடிப்பது அதன் முறை. அதன் வீரியம் ஒரு சாமமே, அதாவது மூன்று மணி நேரமே, நிற்கும் என்பது நூல்வழி மரபு. ஆகவே வேளைதோறும் புதிதாகக் காய்ச்சவேண்டும். அளவும் பத்தியமும் அதனோடு வரும். வடித்திறக்கும் தீநீர் வேறு வகை. ஓமத் தீநீர் இன்றும் குழந்தையுள்ள வீடுகளில் 'ஓமவாட்டர்' என்னும் பெயரோடு வாழ்கிறது.

மருந்துக்குப் புறம்பாகச் சுக்கு சுவைப்பொருளாக நீரில் கலந்ததே இல்லையா எனின், உண்டு. கோடைத் திருவிழாக்களிலும் இராமநவமியிலும் வழங்கும் பானகத்தில் வெல்லமும் ஏலமும் சுக்கும் சேரும். ஆனால் அது குளிர்ந்த நீர், வெயிலுக்குரியது. அன்றாடக் காலைப்பொழுதை ஆண்டது பழஞ்சோற்று நீராகாரம். அதுவும் குளிர்ந்ததே. உடல்நலமுள்ள ஒருவர் எழுந்தவுடன் சூடான நீரொன்றைப் பருகும் வழக்கம் தமிழர் வீட்டில் பரவலாக இருந்ததற்குத் தடயம் இல்லை.

அவ்வழக்கத்தைக் கொண்டுவந்தது காப்பி. 17ஆம் நூற்றாண்டில் பாபா பூதன் யேமன் நாட்டிலிருந்து காப்பிக் கொட்டையைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது மரபுச் செய்தி. அந்த யேமனில் காப்பிக் கொட்டையின் மேற்றோலை இஞ்சியோடு காய்ச்சிப் பருகும் 'கிசிர்' என்னும் பானம் நெடுங்காலமாக உண்டு என்பது நமக்குச் சுவையான செய்தி. காப்பியும் இஞ்சியும் நம்மிடம்தான் முதன்முதல் சந்தித்தன என்று கருதவேண்டுவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தோட்டங்கள் பெருகின. அந்நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் தமிழக நடுத்தர வகுப்பினர் வீடுகளில் காப்பி நுழைந்தது. நீராகாரத்தை அது எவ்வாறு விரட்டியது, அதனால் எழுந்த கண்டனங்கள் யாவை என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் கட்டுரையில் விரிவாக ஆராய்ந்துள்ளார்; அதே தலைப்பிலான நூல் 2000இல் வெளிவந்தது. அவர் கூறியவற்றை இங்கு மீண்டும் கூறவேண்டா.

என் கவனம் வேறொன்றில் உள்ளது. காப்பி ஒரு பொருளாக மட்டும் வரவில்லை. ஒரு வேளையாகவும் வந்தது. காலையிலும் மாலையிலும், சூடாக, இனிப்பாக, கருமையாக, குவளையில் ஊற்றிப் பருகுவது எதுவாயினும் அது காப்பி என்றாயிற்று. கருப்பட்டிக் காப்பி, கொத்துமல்லிக் காப்பி, கோதுமைக் காப்பி, சுக்குக் காப்பி ஆகிய தொடர்கள் இதனைக் காட்டும். 'சிறப்புப் பெயர் பொதுப் பெயராதல்' என்று இதனை வகுப்பறையில் கூறுவோம். எனவே சுக்குக் காப்பி என்னும் பெயர் காப்பி பரவிய பின்னரே தோன்றியிருத்தல் கூடும். ஒரு நூற்றாண்டு அல்லது சற்று மிகுதி என்பதே அதன் அகவை.

பெயர் மாறியபோது பொருளும் மாறியது. குடிநீரை வற்றக் காய்ச்சுவர். சுக்குக் காப்பியை இரண்டு மூன்று கொதியோடு இறக்குவர். குடிநீரில் இனிப்பு அரிது. சுக்குக் காப்பிக்குக் கருப்பட்டியே உயிர். குடிநீருக்குப் பத்தியம் உண்டு. சுக்குக் காப்பியோடு சுண்டலும் முறுக்கும் உண்ணலாம். இம்மூன்று மாற்றங்களே மருந்தை விருந்தாக்கின. நோயுற்றவரின் கையிலிருந்து அது நலமுள்ளவரின் கைக்கு வந்து சேர்ந்தது. இது சிறிய நிகழ்ச்சியன்று. சீமைச் சர்க்கரையும் பாலும் காப்பித்தூளும் வாங்க இயலாத குடும்பங்கள், பனங்காட்டுக் கருப்பட்டியையும் அஞ்சறைப் பெட்டிச் சரக்கையும் கொண்டு, காப்பி என்னும் மதிப்பில் தமக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டன என்றே இதனை நான் வாசிக்கிறேன். அது சங்க காலப் பெருமையைவிடக் குறைந்த பெருமையாக எனக்குத் தோன்றவில்லை. தனித்தமிழ் அன்பர்கள் இதனைச் 'சுக்குநீர்' என்பர். நல்ல சொல்தான். ஆனால் அச்சொல்லில் இவ்வரலாறு மறைந்துவிடுகிறது.

இதன் சுவைபற்றியும் சில கூறவேண்டும். இஞ்சி உலர்ந்து சுக்காகும்போது அதன் காரப்பொருளான சிஞ்செரால் ஒருபகுதி சோகாவோலாக மாறுகிறது. பின்னது முன்னதைவிடக் கடுமையானது. எனவேதான் இஞ்சித் தேநீரின் காரம் நாவில் நிற்க, சுக்கின் காரம் தொண்டையிலிறங்கி மார்புவரை பரவுகிறது. மிளகின் காரம் பைப்பரினால் வருவது. 1819இல் ஓர்ஸ்டெட் அதனைப் பிரித்தெடுத்தார். மெய்யான வெப்பத்தை உணரும் நரம்பு வாயில்களுள் ஒன்றையே இக்காரங்களும் தட்டுகின்றன என்பது 1997இல் தொடங்கிய ஆய்வுகளால் விளங்கியது. அதனைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. சரக்குகளுக்கு 'வெப்ப வீரியம்' கூறிய நம் மருத்துவர் அனுபவத்தால் கண்டது இதுவே. மல்லியை வறுத்து இடித்தால் மணம் எழும். சுக்கின் முரட்டுத்தன்மை தணியும். பொடிக்கடைச் சுக்குப்பொடியில் வராத ஒன்று, அம்மியில் தட்டிய சுக்கில் வருகிறது. முதலில் மல்லியின் மணமும், அடுத்துக் கருப்பட்டியின் கரிந்த இனிப்பும், விழுங்கிய பின்னரே காரமும் தோன்றுவது நன்றாகக் காய்ச்சியதற்கு அடையாளம். எடுத்த எடுப்பில் காரம் தாக்குமாயின் காய்ச்சியவர் அவசரப்பட்டிருக்கிறார். திரிகடுகத்தின் மூன்றாம் உறுப்பான திப்பிலி மட்டும் பல வீடுகளில் இன்று விடுபட்டுப்போனது, விலைதான் காரணமாகும்.

தேநீரின் வரலாறு வேறுபட்டது, சுருங்கக் கூறுவேன். 1903இன் தேயிலைத் தீர்வைச் சட்டத்தால் திரண்ட பணம் பின்னர் உள்நாட்டு விளம்பரத்திற்கும் பயன்பட்டது. 1937இல் இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் அமைந்தபின் ஊரூராகத் தேநீர் காய்ச்சிக்காட்டிப் பழக்கினர். வடநாட்டுக் கடைக்காரர் இஞ்சியும் ஏலமும் இட்டதை விளம்பரக்காரர் விரும்பவில்லை; சரக்கு சேர்ந்தால் தூள் குறையுமன்றோ! 1930இல் அசாமில் உருவான நசுக்குப் பொறியின் குருணைத் தேயிலை, பின்னர் மலிவாகப் பரவி, பாலையும் சரக்கையும் தாங்கும் கடுமையைத் தந்தது. காந்தியடிகளோ 1942இல் சிறையிலிருந்து எழுதிய உடல்நல நூலில் தேநீருக்கும் காப்பிக்கும் மாற்றாக வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் போதும் என்றார். நாடு அதனைக் கேட்கவில்லை.

தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழர் பெருந்திரளாகக் குடிபெயர்ந்த ஈழநாட்டில் சொற்கள் வேறுவகையில் அமைந்தன. சுக்கு யாழ்ப்பாணத்தில் வேர்க்கொம்பு. காப்பி அங்கே கோப்பி. சளிக்கும் காய்ச்சலுக்கும் அவித்துக் குடிக்கும் மல்லித் தண்ணியோ காப்பியாகவில்லை, மருந்தாகவே நின்றது. சிங்களவரும் அதனைக் 'கொத்தமல்லி' என்னும் பெயராலேயே பருகுகின்றனர். மலேசியாவில் தமிழ் முசுலிம்களின் கடைகளில் கிடைக்கும் 'தே ஆலியா' இஞ்சிப் பால்தேநீரே.

இன்று பெயர் தரும் முறை காப்பியிடமிருந்து தேநீரிடம் வந்துள்ளது. ஆவாரம்பூத் தேநீரிலும் செம்பருத்தித் தேநீரிலும் தேயிலை இல்லை. குடிநீர் என்னும் பழஞ்சொல்லோ குழாய்த் தண்ணீருக்குப் பெயராகி, 1971இல் அமைந்த குடிநீர் வடிகால் வாரியத்தின் பலகையில் ஏறிவிட்டது. மருந்துப் பொருள் பெரும்பாலார்க்கு மறந்தேபோயிற்று. 2012இல் டெங்குக் காய்ச்சலின்போது அரசு நிலவேம்புக் குடிநீரையும், 2020இல் கபசுரக் குடிநீரையும் வழங்கியபோது அச்சொல் தன் பழைய பொருளோடு தெருவுக்குத் திரும்பியது. நிலவேம்புக் கூட்டின் ஒன்பது சரக்குகளில் சுக்கும் மிளகும் உண்டு. ஆயினும் அதனை எவரும் நிலவேம்புக் காப்பி என்று அழைக்கவில்லை. கருப்பட்டி சேராதவரை அழைக்கவும் மாட்டார்கள்.