பழையது

சிற்றாறு தாமிரபரணியில் கலக்கும் சீவலப்பேரிப் பக்கம், ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் விடிந்ததும் அது ‘பழையது’. ‘பழைய’ என்பதோடு ‘அது’ சேர்ந்த பெயர். சொல்லுக்குள் சோறே இல்லை, கடந்த பொழுது மட்டும் இருக்கிறது. அந்தப் பொழுதுதான் சோற்றை மாற்றுகிறது என்பதால் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி மறுபடி இறுகிக்கொள்கிறது. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களுக்குத் தீனியாகிறது. அவை அதைப் புளிக்கவைத்துத் தரும் பியூட்டிரேட் அமிலம் குடற்சுவரின் செல்களுக்கு எரிபொருள். இப்படிப்பட்ட தீனிக்கு ‘ப்ரீபயாடிக்’ என்ற பெயர் 1995-இல்தான் வந்தது. ‘நார்ச்சத்து’ என்றால் வாழைத்தண்டின் இழைதான் நினைவுக்கு வரும். பழையதில் இழையே கிடையாது, இறுகிய மாவுச்சத்தே அந்த நார்ச்சத்தின் வேலையைச் செய்கிறது.

குடல் நுண்ணுயிரை அறிந்தா பெயர் வைத்தார்கள் என்று கேட்கலாம். இல்லை, சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்ததற்கு மிச்சத்தை வீணாக்காத சிக்கனம்தான் காரணம். ஆனால் பெயர் சரியாக அமைய, வைத்தவருக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இறுகும் மாவுச்சத்து கொஞ்சம்தானே என்பதும் நியாயமான கேள்வி. கொஞ்சம்தான், பழையது மருந்தல்ல. அதனால்தான் தொட்டுக்கொள்ளும் சின்ன உள்ளியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தோலுரித்து நறுக்கென்று கடிக்கும் அந்த வெங்காயத்தில் உள்ள ஃப்ரக்டானும் செரிக்காமல் அதே நுண்ணுயிர்களிடம்தான் போய்ச் சேர்கிறது.